மாதிரித் தாய்க்கு வந்த தலைவலி

அன்று காலை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்தவை, வரிசையாக:

1. வாசலில் வாழைமரம் கட்டினார்கள். பிரசவ அறையின் தரத்தை ஆய்வு செய்ய வெளிமாவட்டத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார்.

2. பிரசவத்துக்காகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்களை முந்தைய நாளே சிதம்பரம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று. அவர்கள் இருந்தால் பிரசவ அறை அழுக்காகிவிடும்.

3. ஆளே இல்லாத பிரசவ அறையும் பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே ஒரு கர்ப்பிணியை வீட்டிலிருந்து அழைத்துவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள். அவளுக்கு மாதிரித் தாய் என்று பெயர்.

4. பழைய பிரஷர் கருவி ஸ்டோர் ரூமுக்குப் போனது. புதுக் கருவி மேசைக்கு வந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

5. அவசர மருந்துகள் இருந்த தட்டை மூடி, சீல் ஒட்டினார்கள்.

6. மாதிரித் தாய் தனக்குத் தலை வலிக்கிறது என்றாள்.

7. ஆய்வு முடியும்வரை அதைச் சொல்ல வேண்டாம் என்றார்கள்.

இந்த மாதம் இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதுகிறேன். பணி அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள் என்பது தெரியும். எனக்கு ஓய்வு பெற இன்னும் முப்பது வருடம் போல இருக்கிறது. மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து அடுத்த வாரம் கிளம்புகிறேன். அறிவுரை சொல்ல அந்தத் தகுதி போதும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இது போன்ற கட்டுரைகளில் வழிகாட்டிய மேதை ஒருவர் வருவார். எனக்கு அப்படி யாரும் அமையவில்லை. எனக்குப் பெரிய டாக்டர் அமைந்தார்.

பெரிய டாக்டர் என்றால் எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பான மருத்துவ அலுவலர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிரசவ அறைக்குக் குளிர்சாதனம் கேட்டு கடலூருக்கு அலைந்து அலைந்து வாங்கிவந்தவர் அவர்தான். சான்றிதழ் வந்தால் அதை வைத்து இன்னொரு செவிலியர் பணியிடம் கேட்கலாம் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் சான்றிதழுக்கு அவர் கண்டுபிடித்த வழி ஒத்திகை. எந்தக் கேள்விக்கு யார் எங்கே நின்று என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இயக்குநர் மாதிரி சொல்லிக்கொடுத்தார். ஒத்திகை நடந்த நாட்களில் நான் கடலூரில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தேன். கர்ப்பிணிகளின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்பது அந்த வகுப்பின் தலைப்பு. சிரிக்காதீர்கள்.

மாதிரித் தாயாகத் தேர்வானவள் கௌசல்யா. பி.காம். படித்தவள். சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கணவன் பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது. பளிச்சென்று பேசுவாள், திக்காமல் படிப்பாள். எழுதிக் கொடுத்த பதில்களை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாளாம். பிரசவத்தின்போது உடன் இருக்கும் உறவினராக அவளுடைய நாத்தனார் மல்லிகா தேர்வானாள். மல்லிகாவுக்கு மட்டும் வசனம் கிடையாது. ஒத்திகையின் முதல் நாளிலேயே பெரிய டாக்டர் அவளுடைய வசனத்தை ரத்து செய்துவிட்டார். காரணம் பின்னால் புரியும்.

காலையில் வந்தவுடன் என்னை வாசலில் பூங்கொத்தோடு நிற்கவைத்தார்கள். ஆறு வருட மருத்துவப் படிப்பு ஒரு பயனுக்கு வந்தது. அதனால் கௌசல்யாவை நான் முதன்முதலாகப் பார்த்ததே மதிப்பீட்டாளரோடு பிரசவ அறைக்குள் நுழைந்தபோதுதான். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலையில் மல்லிகைப்பூ. சிரித்துக்கொண்டே படுத்திருந்தாள். ஒன்பதாம் மாதத்தில் அப்படி மல்லாந்து சிரித்துக்கொண்டு படுத்திருக்கும் பெண்ணை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

மதிப்பீட்டாளரும் ஒரு மருத்துவர்தான். ஐம்பதை நெருங்கிய அம்மாள். கையில் அட்டை, பேனா.

"இங்க உங்கள எப்படிம்மா நடத்துறாங்க?"

"மரியாதையா நடத்துறாங்க மேடம். எங்கிட்ட கேக்காம எதுவும் செய்யறதில்ல."

"ஏதாச்சும் தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணும் இல்ல மேடம். நல்லா இருக்கேன்."

பெரிய டாக்டரின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"எதிர்ல ஒரு போர்டு மாட்டியிருக்காங்களே, அதுல என்ன போட்டிருக்கு? படிச்சுக் காட்டுங்க பாப்போம்."

கௌசல்யா எதிர்ச்சுவரைப் பார்த்தாள். தடங்கல் இல்லாமல் ஆரம்பித்தாள். "பிரசவத்துக்கு வரும் ஒவ்வொரு தாய்க்கும் மரியாதையான சிகிச்சை பெறும் உரிமை உண்டு. விரும்பிய உறவினரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. சந்தேகங்களைக் கேட்கும் உரிமை உண்டு..."

எதிர்ச்சுவரில் இருந்தது கை கழுவும் முறை. எழுத்தே கிடையாது. நுரையோடு இரண்டு கைகள், ஏழு படங்கள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒத்திகையின்போது அங்கே தாயின் உரிமைகள் போர்டுதான் இருந்திருக்கிறது. அன்று காலை பக்கத்துச் சுவரில் ஈரம் கசிந்து கறை தெரிந்தது. உரிமைகள் போர்டுதான் பெரியது, கறையை மறைக்கும் என்று பெரிய டாக்டர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மதிப்பீட்டாளரும்.

"நல்லா மனப்பாடம் பண்ண வச்சிருக்கீங்க டாக்டர்."

"பயத்துல மாத்திச் சொல்லிடுச்சு மேடம். சின்னப் பொண்ணு."

கௌசல்யாவும் சிரித்தாள். எதற்கு என்று தெரியாமல், நாங்கள் சிரித்த பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள். காலை முதல் மாலைவரை ஜெராக்ஸ் கடையில் பொடி எழுத்தைப் பார்த்து வேலை செய்கிற பெண். எழுத்தைத் தப்பாகப் படித்திருந்தால் பயம் என்று நானும் விட்டிருப்பேன். எழுத்தே இல்லாத இடத்தில் எழுத்தைப் படித்தாள்.

கட்டில் அருகே போனேன்.

"கௌசல்யா, அந்தப் போர்டுல என்ன படம் இருக்கு?"

அவள் பெரிய டாக்டர் நின்ற பக்கம் திரும்பினாள். "நல்லா இருக்கேன் டாக்டர்."

"அத கேக்கல. என்ன படம்?"

கண்ணை இடுக்கிச் சுவரைப் பார்த்தாள். பிறகு, "வெள்ளையா இருக்கு டாக்டர். எல்லாம் புகை போட்ட மாதிரி."

வசனம் ரத்து செய்யப்பட்ட மல்லிகாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ரெண்டு நாளா தலவலிங்க அதுக்கு! சொன்னா ஆரு கேக்குறாங்க? காலப் பாருங்க, மெட்டி எறங்காமப் போச்சு. நேத்து சோப்பு போட்டு நான்தான் கழட்டுனேன். கட்டுனவன் இருக்கும்போது மெட்டியக் கழட்டலாமான்னு எங்க அம்மா வேற என்னைத் திட்டுது."

போர்வையை விலக்கினேன். இரண்டு பாதங்களும் பொங்கி, மெட்டி இருந்த விரல்களில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் போர்வையின் நீளம் தற்செயல் இல்லை என்பது அப்போது புரிந்தது.

புதுக் கருவியின் உறையைக் கிழித்தேன். அந்த அமைதியில் அது பட்டாசுச் சரம் மாதிரி கேட்டது. பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப் பத்து.

இளையவர்களே, அந்த எண்ணோடு தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. எந்த நிமிடமும் வலிப்பு வரலாம். வந்தால் தாய் போகலாம், குழந்தை போகலாம், இரண்டும் போகலாம். தடுக்கும் ஊசி அந்த அறையிலேயே, சீல் ஒட்டிய தட்டுக்குள் இருந்தது. பாடத்தில் இல்லாத பகுதியை மட்டும் நான் சொல்கிறேன்.

பெரிய டாக்டர் என்னை மூலைக்கு இழுத்தார். "ஒரு மணி நேரம் பொறுத்துக்கம்மா. மதியச் சாப்பாடு எறாத் தொக்கோட சொல்லியிருக்கேன். அந்தம்மா சாப்பிட ஒக்காந்ததும் பின்பக்கமா ஏத்தி அனுப்பிடலாம்."

"அதுக்குள்ள வலிப்பு வந்துடும் சார்."

"அப்படின்னா இப்பவே அனுப்பிடு. ஊசியெல்லாம் இங்க போடாத. போட்டு மூச்சு நின்னுச்சுன்னா நம்ம தலையில விழும். வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா அது வழியில ஆனது."

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் உங்கள் வேலையில் பலமுறை கேட்பீர்கள். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு தாயின் மரணம் எந்தக் கட்டடத்துக்குள் நடக்கிறதோ அந்தக் கட்டடத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். வழிக்கு மருத்துவ அலுவலர் யாரும் இல்லை. அதனால் நம் ஊரில் மிகவும் பாதுகாப்பான இடம் வழிதான். நோயாளிக்கு அல்ல.

எனக்குத் தெரிந்த வழிகளை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ஒன்று, அவரோடு வாதிடலாம். நான் ஜெயித்தாலும் நேரம் போய்விடும். இரண்டு, மதிப்பீட்டாளரிடம் உண்மையைப் போட்டு உடைக்கலாம். உடனே இவர் விளக்கம் சொல்வார், அவர் விளக்கம் கேட்பார், விளக்கம் முடிவதற்குள் வலிப்பு வந்துவிடும். மூன்று, எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மூன்றாவதை மதிப்பீட்டாளரே கொடுத்தார். நாங்கள் மூலையில் கிசுகிசுத்ததைப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"என்ன டாக்டர், டிரில் ஆரம்பிச்சுட்டீங்களா? மதியம்னுல்ல சொன்னாங்க?"

ஆய்வில் ஒரு பகுதி, அவசர நிலைக்கான ஒத்திகை. மதியம் ரத்தப்போக்கு டிரில் நடத்திக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்காகக் குங்குமம் கரைத்த தண்ணீர்கூட ஒரு பாட்டிலில் தயாராக இருந்தது. ஒத்திகைக்குள் ஓர் ஒத்திகை.

பெரிய டாக்டரின் வாய் ஒத்திகை நாட்கள் முழுக்க ஒரே சொல்லுக்குப் பழகியிருந்தது. "ஆமா மேடம்" என்றார்.

நான் திரும்பினேன். "ஆமாம் மேடம். வலிப்பு முன்னறிகுறி டிரில். ஊசி போட்டு, வண்டியில ஏத்தி, சிதம்பரத்துல கொண்டு சேக்குற வரைக்கும்."

"சேக்குற வரைக்குமா? பரவாயில்லையே. இதுவரைக்கும் யாரும் வண்டிகிட்டகூடப் போனதில்ல." அட்டையில் எழுதத் தொடங்கினார்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப்போவதில்லை. டிரில் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. பாதியில் நிறுத்தவும் முடியாது. பாதியில் நிறுத்தினால் மதிப்பெண் குறையும்.

"ஸ்டெல்லா சிஸ்டர், தட்டைத் திறங்க."

எங்கள் செவிலியர் ஸ்டெல்லா, மிகவும் ஒழுங்கானவர், தயங்கினார். "சீல பிரிச்சுட்டா மறுபடி ஒட்ட வேற சீல் இல்லியே டாக்டர்."

"பரவால்ல, பிரிங்க."

பிரித்தார். கௌசல்யாவை இடது பக்கமாகத் திருப்பினோம். பிரஷருக்கு மாத்திரை கொடுத்தோம். வலிப்பைத் தடுக்கும் அந்த ஊசி இடுப்புச் சதையில் ஆழமாகப் போக வேண்டும். இரண்டு பக்கமும். மருந்தின் அளவும் அதிகம், வலியும் அதிகம். முதல் ஊசி இறங்கியபோது கௌசல்யா "அம்மாடி!" என்று கத்தினாள். ஒத்திகை வசனங்களில் அது இல்லை.

மதிப்பீட்டாளரின் பேனா நின்றது.

"டாக்டர், நிஜமாவே போடுறீங்க."

"ஆமாம் மேடம்."

அவர் கருவியில் ஒளிர்ந்துகொண்டிருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பாதங்களை. மதிப்பெண் அட்டையைக் காலையில் மூன்று முறை துடைத்த தரையில் வைத்துவிட்டு வந்து, கௌசல்யாவின் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அடுத்த பக்கம் போடுங்க. நான் புடிச்சுக்கறேன்."

எங்கள் ஆம்புலன்ஸ் வாசலில் தயாராகத்தான் இருந்தது. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றது மதிப்பீட்டாளரின் கார். கார் ஓட்டுநர் எறாத் தொக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தார். மதிப்பீட்டாளர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் அவர் எச்சில் கையோடு ஓடிவந்து காரை எடுத்தார்.

வண்டியில் நானும் மல்லிகாவும் ஏறினோம். ஸ்டெல்லா முன்கூட்டியே சிதம்பரத்துக்குப் போன் செய்து விவரம் சொல்லிவிட்டார். மாலையைக் கழற்ற யாருக்கும் நேரம் இல்லை. மாலை போட்ட வண்டி சைரனோடு போவதைப் பார்த்து, சாலையோரம் நின்ற ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே நான் கௌசல்யாவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மல்லிகா எனக்குக் கதை முழுவதையும் சொன்னாள்.

"மொத நாளே இது சொல்லுச்சு டாக்டரு, தல வலிக்குதுன்னு. ஒங்க பெரியவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'தலவலின்னு வாயத் தொறந்துடாதம்மா, ஹைரிஸ்க்க ஏன் இங்க வச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க'ன்னாரு. நான் சொன்னன், வலிங்க, ஒங்கள பர்மிசன் கேட்டுக்கினா வரும்னு. அதோட என்னைப் பேசக்கூடாதுன்னுட்டாரு."

"அன்னிக்கு யாரும் பிரஷர் பாக்கலியா?"

"எங்க பாத்தாங்க? பூ வாங்கிக் குடுத்தாங்க, கேசரி குடுத்தாங்க. நாத்தனாகாரிய நல்ல பொடவையா கட்டிக்கினு வரச் சொன்னாங்க. பிரஷர் மட்டும் பாக்கல."

அதுதான் விஷயம். சாதாரணமான நாளில் சாதாரணமான கர்ப்பிணியாக அவள் வந்திருந்தால், ஓ.பி. வாசலிலேயே ஸ்டெல்லா பிரஷர் பார்த்திருப்பார். எங்கள் நிலையத்தில் அது தவறியதே இல்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் கர்ப்பிணியாக வரவில்லை, மாதிரியாக வந்தாள். மாதிரிக்கு யார் பிரஷர் பார்ப்பார்கள்?

மயக்கம் போல் கிடந்த கௌசல்யா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "டாக்டர், நான் போர்ட மாத்திப் படிச்சுட்டனா?"

"ஆமாம்."

"அதனால ஒங்களுக்கு மார்க் போயிடுமா?"

மல்லிகா சொன்னாள். "நீ போகாம இருடி. மார்க்க அவுங்க பாத்துக்குவாங்க."

வலிப்பு வரவில்லை. சிதம்பரத்தில் தயாராகக் காத்திருந்தார்கள். அன்று மாலை அறுவைசிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சில வாரம் இருக்க வேண்டியிருந்தது. நான் இரண்டாம் முறை பார்க்கப் போனபோது கௌசல்யா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வார்டுச் சுவரில் அதே கை கழுவும் படம் மாட்டியிருந்தது.

"ஏழு படம் டாக்டர்" என்றாள். "அஞ்சாவதுல கட்டை விரலத் தேய்க்கறாங்க."

இதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த வகைக் கட்டுரை நிறைவு பெறாது. "நல்லா இருக்கியாம்மா?" என்று எந்தக் கர்ப்பிணியையும் கேட்காதீர்கள். அது கேள்வி இல்லை, பதிலைக் கையில் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்வது. நம் பெண்களுக்கு மாமியார் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அந்த ஒரு பதிலைத்தான் நாம் பழக்கியிருக்கிறோம், ஒத்திகையே இல்லாமல். மெட்டி இறுக்கமா, மீன் கழுவும்போது முள் தெரிகிறதா, பஸ் போர்டு படிக்க முடிகிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் மேலதிகாரி நின்றால் அவரை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேளுங்கள். கூட வந்த நாத்தனார் அதிகம் பேசுகிறாள் என்றால் அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

ஆய்வின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சீல் உடைந்திருந்ததற்கும், கட்டில் கலைந்திருந்ததற்கும், வாசலில் வண்டிக்கு வழி இல்லாததற்கும் மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அவசர ஒத்திகைக்கு முழு மதிப்பெண், சான்றிதழும் கிடைத்துவிட்டது. பின்பு போனில் பேசியபோது மதிப்பீட்டாளர் சொன்னார்: "டிரிலுக்குத்தான் அதுல எடம் இருந்துச்சு டாக்டர். நிஜமா செஞ்சா எங்க மார்க் போடறதுன்னு எனக்கு யாரும் சொல்லல." குறிப்புப் பகுதியில், கர்ப்பிணிகளைக் கொண்டு நாடகம் நடத்தக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தார். பெரிய டாக்டர் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார். அந்த வரிக்குக் கண்ணாடி போடவில்லை.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. இன்றைய நிலவரம் இது. கேட்ட செவிலியர் பணியிடம் கிடைத்துவிட்டது. கம்மாபுரத்திலிருந்து மாறுதலில் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். ஈரக் கறை இன்னும் இருக்கிறது, போர்டுக்குப் பின்னால். கௌசல்யா ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பிவிட்டாள். குழந்தை நடக்கிறது. அடுத்த ஆய்வுக்கும் அவளையே நடிக்கக் கூப்பிட்டார்கள், ஆம், கூப்பிட்டார்கள். கூடத் தானும் வருவதாக மல்லிகா சொல்லி அனுப்பினாள். பெரிய டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த ஆய்வு இந்த மாதக் கடைசியில். வேறொரு மாதிரித் தாய் தேர்வாகிவிட்டாள். அவளுக்கு ஸ்டெல்லா இன்று காலை பிரஷர் பார்த்தார். நூற்றுப் பத்துக்கு எழுபது.